கிளாக் மல்டிப்ளையர் சிப்: எதை வாங்குவது, கையால் எப்படிப் பற்றவைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, பேட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று நம்ம பக்கத்தில் சொந்தமாக சர்க்யூட் கட்டிப் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் இன்ஜினியரிங் மாணவர்கள் உண்டு, டிவி ரிப்பேர் பார்த்து ஓய்ந்த அண்ணாச்சிகள் உண்டு, ஹாம் ரேடியோக்காரர்கள் உண்டு. வீட்டு மேஜையில் 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்களை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். ஹாட் ஏரும் மைக்ராஸ்கோப்பும் உள்ளவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

கிளாக் மல்டிப்ளையர் என்ன செய்யும்?

8 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை உள்ளே கொடுத்தால் 32 மெகாஹெர்ட்ஸை வெளியே தரும். உள்ளே இருப்பது பிஎல்எல் என்கிற சுற்று. அதில் வோல்டேஜுக்கு ஏற்ப வேகம் மாறும் ஆசிலேட்டர் ஒன்று ஓடுகிறது. அதன் வெளியீட்டை 4-ஆல் வகுத்து, நீங்கள் கொடுத்த 8 மெகாஹெர்ட்ஸோடு ஒப்பிடுகிறார்கள். பின்தங்கினால் வோல்டேஜைக் கூட்டுவார்கள், முந்தினால் குறைப்பார்கள். இரண்டும் ஒட்டிப்போன நிலையைத்தான் ‘லாக் ஆகிவிட்டது’ என்கிறோம்.

எனக்கு இது கண்டிப்பாகத் தேவையா?

கேட்பவர்களில் பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பதே என் பதில். மைக்ரோகண்ட்ரோலரை வேகமாக ஓட்டத்தான் வேண்டும் என்றால் அதற்குள்ளேயே பிஎல்எல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்டிஎம்32எஃப்103 சிப் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை (துடிப்பு தரும் குவார்ட்ஸ் துண்டை) 9 மடங்காக்கி 72-ல் ஓடுகிறது. ராஸ்பெர்ரி பை பிக்கோவில் இருக்கும் ஆர்பி2040-க்கு வெளியே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான், உள்ளே 125 ஓடுகிறது. அட்டினி85 என்ற எட்டுக்கால் பொடிசிலேயே 64 மெகாஹெர்ட்ஸ் பிஎல்எல் உண்டு. அர்டுயினோ யூனோவில் இருக்கும் அட்மெகா328-ல் அது இல்லை. ஆனால் வெளியிலிருந்து 32 கொடுத்தாலும் அது 20-க்கு மேல் ஓட உத்தரவாதம் கிடையாது. அதனால் அர்டுயினோ யூனோவின் வேகத்தைக் கூட்ட மல்டிப்ளையர் தேடுகிறவர்கள் அந்தக் காசை அப்படியே வைத்திருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: உங்களுக்கு ஒரே ஒரு நிலையான அலைவெண் போதுமா? அப்படியானால் அந்த அலைவெண்ணுக்கு நாலு கால் வைத்த தகர மூடி ஆசிலேட்டர் ரெடிமேடாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். 12.288, 14.31818, 24, 48, 50 எல்லாம் சாதாரணமாகக் கிடைப்பவை. கரண்ட் கொடுத்தால் துடிப்பு வரும், வேறு வேலை இல்லை.

அப்படியானால் யாருக்குத்தான் தேவை?

கையில் இருக்கும் கிரிஸ்டல் ஒன்று, வேண்டிய அலைவெண் வேறொன்று என்று மாட்டிக்கொண்டவர்களுக்கு. ஒரே மூலத்திலிருந்து ஒன்றுக்கொன்று பூட்டிய இரண்டு துடிப்புகள் வேண்டுபவர்களுக்கு. இசட்80 என்ற பழைய பிராசசரை வைத்துக் கணினி கட்டுகிறவர்கள், டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் ஆடியோ டாக் கட்டுகிறவர்கள், 40 மீட்டர் அலைவரிசை ரிசீவருக்கு 7.1 மெகாஹெர்ட்ஸின் நாலு மடங்கான 28.4 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்கிற ஹாம்கள் இந்தக் கணக்கில் வருவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சுமார் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வரும் கிரிஸ்டல்களில் பல மூன்றாம் ஓவர்டோன் வகை, அதாவது தன் அடிப்படை அலைவெண்ணின் மூன்று மடங்கில் ஆட வைக்க வேண்டியவை. 48 என்று மேலே அச்சடித்திருக்கும், சாதாரண ஆசிலேட்டர் சுற்றில் போட்டால் 16-ல் ஆடும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட 12 அல்லது 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை எடுத்துப் பெருக்குவது நிம்மதி.

சரி, எந்தச் சிப்பை வாங்கலாம்?

டேட்டாஷீட்டில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை போகும் என்பதைப் பார்க்குமுன் கால்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைப் பாருங்கள். என் தேர்வு எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும். எஸ்ஓஐசி வகையில் காலுக்குக் கால் 1.27 மில்லிமீட்டர். டிஎஸ்எஸ்ஓபியில் 0.65. 10 கால் எம்எஸ்ஓபியில் 0.5. முதல் வகையைக் கூர்மையான பிட்டும் நல்ல வெளிச்சமும் இருந்தால் யாரும் பற்றவைக்கலாம். மூன்றாவதுக்குக் கண்ணாடியும் பொறுமையும் நல்ல ஃப்ளக்ஸும் வேண்டும். காலே வெளியே தெரியாத க்யூஎஃப்என் வகையை அயர்னோடு தொடாதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஐசிஎஸ்501. எட்டுக் கால், எஸ்ஓஐசி, புரோகிராம் எதுவும் எழுத வேண்டாம், 3.3 வோல்ட்டிலும் ஓடும் 5 வோல்ட்டிலும் ஓடும். 5 முதல் 27 மெகாஹெர்ட்ஸ் வரை கிரிஸ்டலை நேரடியாக மாட்டலாம். 5 வோல்ட்டில் 160 மெகாஹெர்ட்ஸ் வரை வெளியே வரும். தேடும்போது ஒரு குழப்பம் வரும்: ஐசிஎஸ் நிறுவனம் 2005-ல் ஐடிடியோடு சேர்ந்தது, ஐடிடியை 2019-ல் ரெனேசாஸ் வாங்கியது. அதனால் ஒரே சிப்புக்கு மூன்று பெயரில் டேட்டாஷீட் உலவுகிறது. ஆன் செமிகண்டக்டரின் என்பி3என்502-ம் இதே மாதிரி எட்டுக்கால் சிப்தான், பெருக்கங்களின் பட்டியல் மட்டும் வேறு.

அலைவெண்ணை ஓடும்போதே மாற்ற வேண்டும் என்றால் எஸ்ஐ5351ஏ. மூன்று வெளியீடுகள், ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாக வேண்டிய அலைவெண்ணைச் சொல்லலாம். ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த யுபிட்எக்ஸ் டிரான்ஸீவரில் இருப்பதும் இதுதான். ஆனால் இது 10 கால் எம்எஸ்ஓபி, 0.5 மில்லிமீட்டர். தனிச் சிப்பாக வாங்கிக் கஷ்டப்படுவதில் பெருமை ஒன்றும் இல்லை. கிரிஸ்டலோடு சேர்த்துப் பற்றவைத்த சின்ன மாட்யூலாகவே வாங்குங்கள். சிப் 3.3 வோல்ட்டுக்கானது, 5 வோல்ட் நேராகப் பட்டால் போய்விடும். மாட்யூலில் ரெகுலேட்டர் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

1 கிலோஹெர்ட்ஸை 10 கிலோஹெர்ட்ஸ் ஆக்க வேண்டும். ஐசிஎஸ்501 செய்யுமா?

செய்யாது. அதற்குள் இருக்கும் ஆசிலேட்டர் அவ்வளவு கீழே இறங்காது. வெளியீடே 13, 14 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்கும்.

உங்களுக்கு வேண்டியது பழைய சிடி4046. 16 கால் டிஐபி (நீளக் கால்களைத் துளையில் குத்தும் வகை), சாக்கெட்டில் குத்திவிடலாம். கூடவே ஒரு 4017. 4046-இன் 4-ஆம் காலிலிருந்து துடிப்பை எடுத்து 4017-இன் 14-ஆம் காலுக்குக் கொடுங்கள். 4017-இன் 12-ஆம் கால் பத்தில் ஒன்றாக வகுத்துத் தரும். அதை 4046-இன் 3-ஆம் காலுக்குத் திருப்புங்கள். உங்கள் 1 கிலோஹெர்ட்ஸ் 14-ஆம் காலில். 13-ஆம் காலிலிருந்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஃபில்டர் வழியாக 9-ஆம் காலுக்கு. 4046-இன் 5-ஆம் காலும், 4017-இன் 13, 15-ஆம் கால்களும் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலோர் மறப்பது இந்தக் கடைசி வரியைத்தான். பிஎல்எல் எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சுற்று கிடையாது. காற்றாலை மாடலில் மெதுவாகச் சுழலும் சக்கரத்தின் துடிப்பைப் பெருக்கி அளக்கக்கூட இது உதவும்.

இரண்டு மடங்கு மட்டும் போதும், துல்லியம் பெரிதில்லை என்றால் 74ஹெச்சி86-இன் ஒரு எக்ஸ்ஓஆர் கேட் போதும். ஒரு காலுக்குத் துடிப்பை நேராகவும் மற்றதற்கு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வழியாகத் தாமதித்தும் கொடுத்தால், ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாக இரண்டு துடிப்பு வரும்.

ஐசிஎஸ்501-ல் எத்தனை மடங்கு என்று எப்படிச் சொல்வது?

4-ஆம் கால் எஸ்1, 6-ஆம் கால் எஸ்0. ஒவ்வொன்றையும் கிரவுண்டில் கட்டலாம், விடிடியில் (கரண்ட் வரும் பிளஸ் காலில்) கட்டலாம், அல்லது எதிலும் கட்டாமல் சும்மா விடலாம். சும்மா விடுவதும் இங்கே ஒரு நிலைதான். ஆக ஒன்பது பெருக்கங்கள்.

இரண்டும் கிரவுண்டில் இருந்தால் 4 மடங்கு. எஸ்1 கிரவுண்டு, எஸ்0 விடிடி என்றால் 5. எஸ்1 விடிடி, எஸ்0 கிரவுண்டு என்றால் 6. இரண்டும் விடிடி என்றால் 8. இரண்டையும் சும்மா விட்டால் 2. எஸ்1 விடிடி, எஸ்0 சும்மா என்றால் 3. மீதியில் 3.125, 5.3125, 6.25 போன்ற வில்லங்கமான எண்கள் வரும். அவை நெட்வொர்க் கருவிகளுக்காக வைத்தவை. உங்களுக்கு வேலைக்காகத் தேவைப்படாவிட்டாலும் கோளாறு கண்டுபிடிக்க உதவும், கீழே சொல்கிறேன்.

7-ஆம் கால் வெளியீட்டை அணைக்க. வெளியீடு வர வேண்டுமென்றால் அதை கிரவுண்டில் கட்டாமல் இருந்தால் போதும். கிரிஸ்டல் இல்லாமல் வெளியிலிருந்து துடிப்பு கொடுத்தால் 1-ஆம் காலில் கொடுத்து 8-ஐ அப்படியே விட்டுவிடுங்கள்.

பெருக்கினால் துல்லியம் கெடுமா?

சதவீதக் கணக்கில் கெடாது. 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு தவறக்கூடிய) கிரிஸ்டல் 8 மெகாஹெர்ட்ஸில் 240 ஹெர்ட்ஸ் வரை தவறலாம். 4 மடங்காக்கினால் தவறும் 4 மடங்காகி 960 ஹெர்ட்ஸ் வரை போகும். அக்னி நட்சத்திர வெயிலில் ஓட்டு வீட்டு மாடியில் வைத்தால் கிரிஸ்டலே கொஞ்சம் நகரும், அதுவும் சேர்ந்து பெருகும்.

ரேடியோவுக்கு வேறு ஒரு சிக்கல். துடிப்பில் இருக்கும் நடுக்கமும் பெருகும். 4 மடங்குக்கு 12 டெசிபல், 8 மடங்குக்கு 18 டெசிபல் இரைச்சல் குறைந்தபட்சம் ஏறும், சிப் தன் பங்குக்குச் சேர்ப்பது தனி. லாஜிக் சுற்றுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நல்ல ரிசீவருக்குப் பொருட்டுதான்.

இங்கேயே கடையில் கிடைக்குமா?

555, 4017, 7805 கேட்டால் திருநெல்வேலிக் கடைகளில் உடனே எடுத்துத் தருவார்கள். 4046 சில நேரம் பழைய டப்பாவிலிருந்து வரும். 501 கேட்டால் “சென்னையிலிருந்துதான் வரவழைக்கணும் அண்ணாச்சி” என்பார்கள். ஆன்லைனில் வாங்குவதென்றால் விற்பவர் போடும் படத்தில் மேலே உள்ள எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பேக்கேஜ் எஸ்ஓஐசிதானா என்று உறுதி செய்யுங்கள். எஸ்ஐ5351 என்ற பெயரில் எம்எஸ்5351 என்ற சீனச் சிப் வருவதும் உண்டு. அது பெரும்பாலும் அதே புரோகிராமில் ஓடும், ஆனால் காசு அசலுக்கு வாங்கியிருந்தால் கேட்டுவிடுங்கள். ஒன்று வேண்டும் என்றால் மூன்று வாங்குங்கள், கூரியர் செலவு ஒன்றுக்கும் மூன்றுக்கும் ஒன்றுதான். எஸ்ஓஐசியிலிருந்து டிஐபிக்கு மாற்றும் சின்ன அடாப்டர் போர்டையும் அப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

25 வாட் சோல்ட்ரான் அயர்ன் போதுமா?

எஸ்ஓஐசிக்குப் போதும். அதோடு வரும் தட்டை பிட்டைக் கழற்றிவிட்டு ஊசி பிட்டோ சின்ன உளி பிட்டோ போடுங்கள். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத அயர்ன் சும்மா கிடக்கும்போது சூடு ஏறிக்கொண்டே போய் பிட் கறுத்துவிடும். நனைந்த ஸ்பாஞ்சில் துடைத்து, உடனே கொஞ்சம் ஈயம் பூசி வைக்கும் பழக்கம் வேண்டும். எர்த் இல்லாத இரண்டு பின் அயர்னைவிட மூன்று பின் உள்ளதே சிப்புக்கு நல்லது.

ஈயம் 63/37, 0.5 மில்லிமீட்டர் கம்பி. 183 டிகிரியில் உருகி, அதே வேகத்தில் இறுகும். லெட்-ஃப்ரீ கம்பிக்கு 217-க்கு மேல் வேண்டும், கையால் செய்யும்போது அது நமக்கு ஒத்துழைக்காது. காரீயம் உள்ளதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள். ஃப்ளக்ஸ் ரோசின் வகையாக இருக்கட்டும். தகரம், பாத்திரம் பற்றவைக்கிற அமிலப் பேஸ்ட் மலிவாகக் கிடைக்கும், அதைச் சிப்பின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

அப்புறம், சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை. காற்று பிட்டையும் ஆற்றும், சிப்பையும் மேஜையிலிருந்து தள்ளிவிடும். சிவப்புத் தரையில் விழுந்த எட்டுக்கால் சிப்பைத் தேடுவது தனி வேலை.

படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அடாப்டர் போர்டின் ஒரு மூலைத் தட்டில் (கால் உட்காரும் செம்புப் பரப்பில்) மட்டும், உதாரணமாக 5-ஆம் கால் வரும் இடத்தில், துளி ஈயம் வையுங்கள். சிப்பின் மேல் உள்ள புள்ளி முதல் காலைக் காட்டும், அதைப் போர்டின் 1-க்கு நேராகத் திருப்புங்கள். ட்வீசரால் சிப்பைப் பிடித்து, அந்தத் துளியை உருக்கி, காலை அதற்குள் நகர்த்தி நிறுத்துங்கள். இப்போது சிப் ஒரு காலில் நிற்கிறது. கண்ணை அருகில் கொண்டுபோய் நாலு பக்கமும் பாருங்கள். கோணியிருந்தால் திரும்ப உருக்கி நேராக்க இதுதான் நேரம், இரண்டாவது கால் பட்டபிறகு முடியாது.

நேராக இருந்தால் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் 1-ஆம் கால். பிறகு எல்லாக் கால்களிலும் ஃப்ளக்ஸ் தடவி ஒவ்வொன்றாக முடியுங்கள். பிட் காலையும் தட்டையும் ஒரே சமயத்தில் தொட வேண்டும், ஈயத்தைப் பிட்டுக்குக் கொடுக்காமல் அந்தச் சந்திப்புக்குக் கொடுக்க வேண்டும். காலுக்கு இரண்டு நொடி போதும். ஈயம் காலின் அடியிலிருந்து தட்டுக்குச் சரிந்து பளபளவென்று நிற்க வேண்டும். உருண்டையாகக் காலின் மேல் உட்கார்ந்திருந்தால் அது தட்டில் ஒட்டவில்லை என்று அர்த்தம். இரண்டு கால் ஒட்டிக்கொண்டால் பதறாமல் ஃப்ளக்ஸ் தடவி, சுத்தமான பிட்டால் கால்களின் வாக்கில் வெளிப்பக்கம் இழுங்கள். போகாவிட்டால் செப்புப் பின்னல் திரியை வைத்து உறிஞ்சுங்கள்.

கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் கொண்டு கழுவுங்கள். கரண்ட் கொடுக்குமுன் 2-ஆம் காலுக்கும் 3-ஆம் காலுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

சிப்பைச் சுற்றி வேறு என்ன வேண்டும்?

2-ஆம் கால் விடிடி, 3-ஆம் கால் கிரவுண்டு. அவை இரண்டுக்கும் நடுவே 103 என்று எழுதிய 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே. கால் நீளமாக விட்டு இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் வைக்காததற்குச் சமம். வெளியீடு வரும் 5-ஆம் காலை ஒட்டி 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கம்பியில் அலை திரும்பி வந்து அடிப்பதை அது தணிக்கும். கிரிஸ்டலின் கால்களை வெட்டிக் குட்டையாக்கிச் சிப்பை ஒட்டியே வையுங்கள். பிரட்போர்டில் குத்திப் பார்க்கலாமா என்றால், 20 மெகாஹெர்ட்ஸ் வரை ஏதோ ஓடும், அதற்கு மேல் அது சொல்லும் எதையும் நான் நம்ப மாட்டேன்.

ஆசிலோஸ்கோப் இல்லை. சரியாக ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

டிஎஸ்ஓ138 என்ற சின்ன மலிவு ஆசிலோஸ்கோப் இருந்தாலும் பயனில்லை, அதன் எல்லை 200 கிலோஹெர்ட்ஸ். என் வழி 74ஹெச்சி4040 என்ற, துடிப்பை வகுத்துத் தரும் கவுண்ட்டர் சிப். வெளியீட்டை அதன் 10-ஆம் காலில் கொடுத்து, 11-ஐ கிரவுண்டு செய்து, 5 வோல்ட்டில் ஓட்டினால் 1-ஆம் காலில் 4096-ல் ஒரு பங்கு வரும். அதை ஹெர்ட்ஸ் அளக்கும் சாதாரண மல்டிமீட்டரே படித்துவிடும். ஹெச்சி என்ற எழுத்து முக்கியம், பழைய சிடி4040 இந்த வேகத்துக்கு வராது.

8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டு, எஸ்1, எஸ்0 இரண்டையும் கிரவுண்டில் கட்டி, 4 மடங்கு எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 32 மெகாஹெர்ட்ஸை 4096-ஆல் வகுத்தால் 7.81 கிலோஹெர்ட்ஸ். மீட்டர் அதைக் காட்டினால் வேலை முடிந்தது.

10.38 காட்டினால்? சிப் 42.5 மெகாஹெர்ட்ஸ் தருகிறது, அதாவது 5.3125 மடங்கு. எஸ்0 சும்மா கிடந்தால் மட்டுமே இது வரும். ஆகவே 6-ஆம் கால் தட்டில் ஒட்டவில்லை. 12.2 காட்டினால் 6.25 மடங்கு, 4-ஆம் கால் ஒட்டவில்லை. 3.9 காட்டினால் 2 மடங்கு, இரண்டுமே ஒட்டவில்லை. மற்ற சிப்புகளில் ஒரு கால் ஒட்டாவிட்டால் ஊமையாகிவிடும், இது எந்தக் கால் என்று எண்ணாலேயே சொல்லிவிடுகிறது. முதல் முறை செய்கிறவர்களுக்கு இந்தச் சிப்பை நான் சிபாரிசு செய்யப் பெரிய காரணம் இதுதான்.

ஒன்றுமே வரவில்லை என்றால் 7-ஆம் கால் எங்காவது கிரவுண்டைத் தொடுகிறதா, கிரிஸ்டலின் 1, 8 கால்கள் ஒட்டினவா என்று பாருங்கள்.

எஃப்எம் ரேடியோ இருந்தால் இன்னொரு வழி உண்டு. 32-இன் மூன்று மடங்கு 96. அந்த இடத்தில் நிலையம் எதுவும் இல்லாவிட்டால் ரேடியோவை 96-ல் வைத்துச் சுற்றை அருகில் கொண்டுவாருங்கள். ‘உஸ்’ சத்தம் சட்டென்று அடங்கும். ஆனால் 16 மெகாஹெர்ட்ஸ் வந்தாலும் அதன் ஆறாம் மடங்கு 96-ல்தான் விழும், அதனால் துடிப்பு இருக்கிறது என்பதற்கு மட்டும் இதை நம்புங்கள், எத்தனை மடங்கு என்பதற்கு வேண்டாம்.

தென்காசியில் சாரல் நேரத்தில் மட்டும் பெருக்கம் மாறுகிறது. ஏன்?

காலுக்கு நடுவே அழுக்கு இருக்கிறது. சும்மா விட்ட எஸ்0, எஸ்1 கால்களைச் சிப் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்கள்தான் பாதி வோல்டேஜில் பிடித்து வைத்திருக்கின்றன. கழுவாத ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு பக்கத்துக் காலுக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிட்டால் அந்தப் பாதி நிலை ஆட்டம் காணும். நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பாருங்கள். முடிந்தால் சும்மா விடும் கால் இல்லாத பெருக்கமாக, 4, 5, 6, 8 என்று தேர்ந்தெடுங்கள்.

உவரி, கூடங்குளம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வீட்டில் அரித்தெடுத்த போர்டின் செம்பு சீக்கிரம் கறுக்கும். பற்றவைக்கும் அன்றே ரப்பரால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு வார்னிஷ் பூசலாம்.

வெளியீட்டில் ஒரு கம்பியை ஏரியலாக மாட்டலாமா?

மாட்டாதீர்கள். இது சதுர அலை, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று மேலே வரை சிதறும். ஒலிபரப்ப உரிமம் வேண்டும். அமெச்சூர் (ஹாம்) உரிமத்துக்குத் தேர்வு எழுத வேண்டும், அதை மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு நடத்துகிறது. உரிமம் உள்ளவர்கள்கூட ஃபில்டர் இல்லாமல் ஏரியலைத் தொட மாட்டார்கள்.

சிப்பைத் திருப்பிப் பற்றவைத்துவிட்டேன். எடுக்க முடியுமா?

கரண்ட் கொடுக்கவில்லை என்றால் சிப் பிழைத்திருக்கும். ஒரு வரிசைக்கு ஒன்றாக இரண்டு துண்டு செப்புக் கம்பியை நாலு காலையும் தொடும்படி படுக்கவைத்து, தாராளமாக ஈயம் விட்டு மூழ்கடியுங்கள். அயர்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு வரிசையும் ஒரே சமயத்தில் உருகி நிற்கும் ஒரு கணம் வரும். அப்போது ட்வீசரால் தொட்டாலே சிப் நகரும். நகராவிட்டால் இன்னும் உருகவில்லை, நெம்பாதீர்கள், நெம்பினால் தட்டு செம்போடு பெயர்ந்து வரும். எடுத்தபின் கால்களில் மிஞ்சிய ஈயத்தைத் திரியால் உறிஞ்சிவிட்டு, புள்ளியை 1-க்கு நேராக வைத்து மறுபடி தொடங்குங்கள்.